மயிலைக்குப் போட்ட ஊசி

நான் மாட்டு டாக்டர். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், உயரட்டும். கலியாண வீட்டில் வக்கீலும் தாசில்தாரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சுகிற ஓரத்து இலை எனக்கு. "மாட்டுக்கு நாடி பாக்கதுக்கு எந்தக் கையைப் புடிப்பீரு வே?" என்று எவராவது கேட்பார். பந்தி சிரிக்கும். "வாலடியைப் பிடிப்பேன்" என்பேன். பந்தி இன்னும் உரக்கச் சிரிக்கும். உண்மை என்னவோ அதுதான். வாலின் அடிப்புறத்தில், விரல் நுனிக்குக் கீழே, ஒரு ஜீவன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். தொட்டவனுக்குத் தெரியும். தொடாதவர்கள் இன்னும் கொஞ்சம் சாம்பார் வாங்கிக்கொள்ளலாம்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உட்கார்ந்து எழுத வணங்காத உடம்பு. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே எழுந்து போய் முற்றத்தைச் சுற்றிவிட்டு வருகிறேன். ஆகையால் இங்கே சில வரிகள் மூச்சுவாங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது என் பெருமையை. பெருமை நடந்துகொண்டேதான் பேசும்.

ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றின் ஆழத்தில் மினுங்கும் ஒரு துண்டு வானம். சென்னப்பட்டணத்தில் படித்து, சர்க்கார் வேலை கிடைத்து, அம்பாசமுத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது தாமிரபரணியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. தூங்கும்போதுகூட இவர்கள் இதை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறார்களே! பிறகு கோபம் போய்விட்டது. மருத மர நிழல் விழுந்த துறையில் மாடுகள் கழுத்தளவு நீரில் நின்று கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தவனுக்கு யார் மேலும் கோபம் நிற்காது.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் மூளுவதற்குச் சில ஆண்டுகள் முந்தி, ஒரு வைகாசி மாதம், அந்த மாடுகளுக்கு வெக்கை வந்தது. மாட்டுக்கு வருகிற கொள்ளைநோய் அது. முதலில் காய்ச்சல். அப்புறம் கண்ணில் நீர், வாயெல்லாம் புண், கயிறு கயிறாக எச்சில், கடைசியில் கழிச்சல். ஒரு தொழுவில் புகுந்தால் அடுத்த தொழுவுக்கு வழி கேட்காது. பொதிகை மேல் மேகம் ஏறி நின்ற நேரம். மடை திறந்தால் கார் நடவுக்கு வயலை உழ வேண்டும். உழ மாடு வேண்டும். மாடு விழுந்த வீட்டில் கார் விளைச்சல் இல்லை, அடுத்த போகமான பிசானம் அறுக்கிறவரை உலை வைப்பதே பெரும்பாடு.

ஆற்றங்கரை ஊர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெக்கை கண்ட மாட்டின் கழுத்தில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆற்றில் இறக்கி அக்கரைக்கு ஓட்டிவிடுவார்கள். மாட்டோடு அம்மனும் ஆறு தாண்டிப் போய்விடுவாள் என்பது எண்ணம். அக்கரைக்காரர்கள் மட்டும் வேறு ஜாதி ஜனமா? அவர்களுக்கும் இதே எண்ணம், இதே வேப்பிலை. அவர்கள் மாடு இக்கரைக்கு வரும். இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று சீர் அனுப்பிக்கொண்டிருந்தன. நடு ஆற்றில் இரண்டு ஊர் மாடுகளும் எதிரெதிரே நீந்திக் கடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சிரிப்பு தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் ரயிலில் மருந்து வந்து இறங்கியது. ஈர வைக்கோலில் பொதிந்த பாட்டில்கள். உள்ளே நல்லெண்ணெய் நிறத்தில் ஒரு தெளிவு. வெக்கையை வென்ற மாட்டின் ரத்தத்திலிருந்து எடுத்தது. சீரம் என்பார்கள். நோய் வராத மாட்டுக்கு ஊசியில் ஏற்றினால் வெக்கை அதை அண்டாது. ஆனால் அந்தக் காவல் கொஞ்ச நாளைக்குத்தான். தேய்பிறைபோலக் கரைந்துவிடும். நோயோ ஆடி மாதம் வரை ஆற்றோரம் திரியும். அதற்காகப் புது முறை ஒன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊசி போட்ட கையோடு, நோய்ப்பட்ட மாட்டின் எச்சிலைத் துணியில் தொட்டு நல்ல மாட்டின் வாயில் தடவ வேண்டும். காவல் இருக்கும்போதே நோய் உள்ளே வந்து லேசாக ஆட்டிவிட்டுப் போய்விடும். பிறகு அந்த மாட்டை ஆயுசுக்கும் வெக்கை தொடாது.

பெரும்பாலும்.

அந்த ஒரு சொல் என் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சில மாடுகள் தாங்காமல் சாகலாம். எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தாலுகாவில் அதுவரை எவரும் செய்து பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் என் மேலதிகாரி பாட்டில்களை ஒப்படைக்கும்போதே சொன்னார். "ஜனங்ககிட்ட வளவளன்னு பேசிக்கிட்டு நிக்காதேயும். ஊசியைப் போடும், தடவும், அடுத்த ஊருக்குப் போம். வெளக்கம் சொன்னீரோ, ஒரு மாடு வராது. வராத மாடெல்லாம் சாகும். அந்தப் பாவத்தை யாரு சுமக்கது? நீரா, நானா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் கேள்வியும் கெட்ட கேள்வி இல்லை. இன்றும் என்னால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

வண்டி மாட்டை நோய் ஊருக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பதால் பாட்டில் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தேன். நடக்க நடக்க என் யோசனை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மனிதனுக்கு வைத்தியம் செய்கிறவன் நோயாளியையே கேட்டுக்கொள்ளலாம். என் நோயாளி பேசாது. சாகச் சம்மதமா என்று அதனிடம் கேட்க வழியில்லை. அதற்காகப் பேசக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்: விடியுமுன் எழுந்து அதற்குத் தண்ணீர் காட்டுகிறவர். அவர் வாயையும் நான் எதையும் சொல்லாமல் அடைத்துவிட்டால், கேட்பதற்கு மிச்சம் யார் இருக்கிறார்கள்? காற்றில் நாணல் ஆடிற்று. எனக்குள் என்னவோ நிமிர்ந்து நின்றது.

ஊருக்குள் நுழையும்போதே துறையில் கூட்டம். ஒரு செவலைக் காளையை ஆற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் வேப்பிலை, வாயில் நூல் நூலாக எச்சில். அதன் மூக்கணாங்கயிற்றை ஒரு பெண்பிள்ளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். புருஷன் இல்லை, சொந்தமாக ஒரு துண்டு வயல், ஒரு ஜோடிக் காளை. தானே மேழி பிடித்து உழுகிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஜோடியில் ஒன்று இந்தச் செவலை. மற்றது சாம்பல் நிறத்து மயிலை, வீட்டுத் தொழுவில் நின்றது. ஊரில் அதுவரை நோய் கண்ட மாடு செவலை ஒன்றுதான்.

"கயித்தை விடுட்டி! ஊருக்கெல்லாம் கொள்ளி வைக்கவா பாக்க?" என்று ஒருவன் கத்தினான்.

"விட மாட்டேம்லே. சாகதுன்னா என் வாசல்ல சாவட்டும். பாத்தியப்பட்டவ நான் இருக்கேன்ல்லா."

நான் கூடையை இறக்கி வைத்தேன். "யாரும் ஓட்ட வேண்டாம். அந்த மாடு எனக்கு வேணும்" என்றேன்.

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. செத்துக்கொண்டிருக்கிற மாட்டை வேண்டும் என்று ஒருவன் கேட்டு அவர்கள் அதுவரை கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கிராம முன்சீப் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனார். நெற்றி நிறைய விபூதி, நல்ல மனிதர். பாட்டிலில் இருப்பது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"மாட்டு ரத்தமா? வே, சத்தமா சொல்லாதேயும்! ஒண்ணு பண்ணுவோம். அம்மன் கோயில்ல வச்சு எடுத்த தீர்த்தம்னு சொல்லிருவோம். அம்புட்டுப் பேரும் மாட்டைக் கொண்டாந்து நிப்பாட்டிருவான். உமக்கும் சோலி சுளுவு."

"ஒரு மாடு செத்துப்போச்சுன்னா, அண்ணாச்சி?"

"அம்மன் எடுத்துக்கிட்டான்னு சொல்லுவோம்."

"நான் எடுத்ததை அம்மன் தலையில போடவா?"

முன்சீப் மூக்குப்பொடியை எடுத்தார், போடவில்லை, திரும்ப மடித்து வைத்தார். "அப்ப உம்ம இஷ்டம். அடி விழுந்தா என்னைக் கூப்பிடாதேயும்" என்றார்.

பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இது ரத்தத்தின் தெளிவு. இது நோய் வந்த மாட்டைக் காப்பாற்றாது, வராத மாட்டுக்குத்தான். போட்ட பிறகு செவலையின் எச்சிலை வாயில் தடவ வேண்டும். லேசாக நோய் வரும். பெரும்பாலும் பிழைக்கும். சிலது சாகலாம். அக்கரைக்கு ஓட்டினால் அக்கரை சாகும், அவர்களும் திருப்பி ஓட்டுவார்கள்.

"ஏலே, மாட்டு ரத்தத்தை மாட்டுக்கே ஏத்துதாராம்லே!"

"ரத்தத்தையாவது விடு. எச்சிலைத் தடவுதாராம். கோட்டி புடிச்சிட்டா இவருக்கு?"

"களவாணிக்குக் கதவைத் தொறந்து விட்டுட்டு வீட்டைக் காக்கேன்னு சொல்லுத கதையால்லா இருக்கு!"

சிரித்தார்கள். சிலர் கல்லைப் பார்த்தார்கள், எறியத்தக்க கல். அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து அவள், செவலைக்காரி, முன்னால் வந்தாள்.

"தம்பி, முதல்ல செவலைக்குப் போடுங்க."

இந்த இடத்தில்தான் சுளுவான வழி ஒன்று என் கையைப் பிடித்து இழுத்தது. போட்டுவிடலாம். அவள் மனசு ஆறும். அவள் ஆறினால் ஊர் ஆறும். ஒரு பாட்டில்தானே.

"அதுக்குப் போட்டா பிரயோஜனம் இல்ல, அக்கா. செவலை பொழைக்காது."

அவள் கண் என் முகத்திலேயே நின்றது. ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டது.

"மயிலை?"

"அதுகூட ஒரே தொழுவுல நின்னிருக்கு. இன்னும் காய்ச்சல் இல்ல. ஊசி போடாட்டி அனேகமா அதுவும் போயிரும். போட்டுத் தடவுனா பொழைக்கதுக்குத்தான் வழி ஜாஸ்தி."

"நிச்சயம் சொல்லுதீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரியாது."

சர்க்கார் தலைப்பாகை கட்டியவன் ஒருவன், நாலு பேர் நடுவில், 'எனக்குத் தெரியாது' என்று சொன்னது அந்த ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். முன்சீப் தலையைக் குனிந்துகொண்டார். என் முதுகு நேராக இருந்தது. அதை நான் கவனித்தேன்.

"உங்களுக்குச் சர்க்கார்ல சம்பளம் வருது. மயிலை போயிட்டா உங்களுக்கு என்ன போச்சு?" என்றாள்.

"ஒண்ணும் போகாது, அக்கா. அதனாலதான் உங்களைக் கேக்கேன்."

அவள் தன் வீட்டுத் தொழுவுக்குப் போனாள். நாங்கள் காத்திருந்தோம். யாரோ இருமினார்கள். மேகம் ஒன்று வயல்மேல் நிழலை இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் மயிலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உயரமான காளை, நெற்றியில் அவள் அப்போதுதான் பூசிய விபூதி ஈரமாக இருந்தது.

"போடுங்க."

"ஏட்டி, மாட்டு ரத்தம்னு சொல்லுதாரு, கேட்டேல்லா?" என்றான் முதலில் கத்தியவன்.

"கேட்டேன். நீ காலையில குடிச்ச பாலு ஆகாசத்துல இருந்தா ஒழுகிச்சு? தாய் மாடு கன்னுக்குக் குடுக்கு. முன்ன பின்ன தெரியாத ஏதோ ஒரு மாடு என் மயிலைக்குக் குடுத்திருக்கு. அது எங்கன நின்னாலும் நல்லா இருக்கட்டும்."

ஊசி போட்டேன். மயிலை ஒருமுறை தோலைச் சிலிர்த்துக்கொண்டது. பிறகு துணியை எடுத்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நான் தடவுதேன். செத்துச்சுன்னா நான் கொன்னதா இருக்கட்டும். பொழைச்சுதுன்னா நான் பொழைக்க வச்சதா இருக்கட்டும். உங்களுக்கு இதுல வேலை இல்ல."

ஓரமாகக் கட்டியிருந்த செவலையின் வாயோரம் துணியை ஒற்றி எடுத்தாள். மயிலையின் வாயைத் திறந்து, ஈறிலும் நாக்கிலும் பையத் தடவினாள். குழந்தைக்குச் சேனை வைப்பதுபோல இருந்தது. இந்த உலகத்தில் நான் பார்த்த தைரியங்களில் அதற்கு ஈடாக இன்னொன்று இல்லை. யுத்தத்துக்குப் போய் வந்தவர்கள் பிற்பாடு என்னிடம் எத்தனையோ சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னேன். "அதான் கேட்டாச்சே, போடும் வே" என்றவனிடமும் சொன்னேன். என் தொண்டை கட்டிவிட்டது. முன்சீப் தன் கிடாரியைக் கொண்டுவந்து, எல்லாரும் கேட்கும்படி, "இது சாகுமா?" என்று கேட்டார். "தெரியாது, அண்ணாச்சி" என்றேன். "சரி, போடும்" என்றார். மாட்டேன் என்றவர்களும் உண்டு. அவர்கள் தொழுவுப் பக்கம் நான் போகவில்லை. அவர்களை வற்புறுத்த என்னிடம் சர்க்கார் முத்திரை இருந்தது. அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஊர்ச் சாவடியில் தங்கினேன். செவலை செத்தது. ஆற்றைத் தாண்டாமல், இக்கரையிலேயே, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அவள் குழியோரம் நின்று, கூடப்பிறந்தவனுக்கு அழுவதுபோல, அதன் உழைப்பையெல்லாம் சொல்லி ஒப்பாரி வைத்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மயிலையிடம் போனாள்.

மயிலைக்குக் காய்ச்சல் வந்தது. வரும் என்று சொல்லியிருந்தேன். அதன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விடிந்ததும் அதன் வாலடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாடி குதித்து ஓடும். அவள் எதிரே நின்று என் முகத்தைப் படிப்பாள்.

"என்ன சொல்லுது?"

"ஓடுது."

"ஓடட்டும். நிக்காம இருந்தா சரி."

இதற்கு நடுவில் முன்சீப்பின் கிடாரி செத்தது. செய்தி கேட்டதும் சாவடிக்கு முன்னால் கூட்டம் திரண்டுவிட்டது. "டாக்டரைப் புடிச்சு ஆத்துல தள்ளுங்கலே!" என்று ஒரு குரல். நான் வெளியே வந்து நின்றேன். ஓட இடம் இருந்தது, ஓடத் தோன்றவில்லை. முன்சீப் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கிடாரிக்கு மணி கட்டி வளர்த்தவர்கள்.

"எதுக்குலே தள்ளணும்?" என்றார்.

"உங்க கிடாரியக் கொன்னுட்டாருல்லா, அண்ணாச்சி!"

"சாகலாம்னு சொல்லிட்டுத்தானலே போட்டாரு? ஊரு முன்னால கேட்டேன், தெரியாதுன்னாரு. தெரிஞ்சுதான் குடுத்தேன். சொல்லாமப் போட்டிருந்தா நானே தள்ளியிருப்பேன், நீ சொல்லிக் குடுக்க வேண்டாம். போங்கலே, போய்ச் சோலியப் பாருங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தீர்த்தம்னு சொல்லச் சொன்னேன் பாரும், நான் ஒரு மூதி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மூக்குப்பொடியை இந்தத் தடவை நிஜமாகவே போட்டுக்கொண்டார். தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு அது ஒரு சாக்கு.

ஊசி போட்ட மாடுகளில் வேறு சிலவும் படுத்தன, எழுந்தன. ஊசி போடாத தொழுவுகளில் நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை. மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது, அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. பிற்பாடு மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, இத்தனை மாடுகளை ஏன் விட்டுவிட்டு வந்தீர் என்று கேட்டார். மாட்டேன் என்றார்கள், விட்டேன் என்றேன். முறைத்தார். இன்னும் நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், முற்றத்தைச் சுற்றும்போது.

ஒரு நாள் காலை நான் தொழுவுக்குப் போனபோது மயிலை என்னைப் பார்க்கவில்லை. அதற்கு வேலை இருந்தது. தொட்டியில் தவிட்டுத் தண்ணீரை மூக்கு முங்க உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். வாலடியைத் தொட்டேன். நாடி நடந்தது, வெள்ளன வயலுக்குப் போகிறவன் நடைபோல, நிதானமாக.

மடை திறந்தார்கள். பொதிகையிலிருந்து சாரல் இறங்கி வந்து வயல்களின் மேல் நின்றது. அடுத்த ஊருக்குப் போகிற வழியில் நான் அந்த வரப்பில் நடந்தேன். கொஞ்சம் இளைத்துத்தான் போயிருந்தது மயிலை. முன்சீப் வீட்டுக் காளை ஒன்று ஜோடிக்கு இரவலாக வந்திருந்தது. முழங்கால் அளவு சேற்றில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அவள் மேழியைப் பிடித்துத் தொளி கலக்கிக்கொண்டிருந்தாள். எதிர் வரப்பில் மேலப்பாளையத்திலிருந்து ஜவுளி மூட்டையோடு வந்த ஒரு ராவுத்தர் நின்று பேச்சுக் கொடுத்தார்.

"ஆத்தோரம் பூரா மாடு போயிட்டுங்காங்களேம்மா. உன் காளை எப்படித் தப்பிச்சுது? அல்லா காவல்தான்."

"அவரும் காவல், எங்க அம்மனும் காவல். பண்ணினது நானு" என்றாள் அவள். "ஊரே கோட்டின்னு சொல்லிச்சு. நான்தான் யோசிச்சேன், நான்தான் போடச் சொன்னேன், இந்தா இந்தக் கையாலதான் எச்சியத் தடவுனேன்."

"மருந்து?"

அவள் தார்க்குச்சியை என் பக்கமாக நீட்டினாள். "அந்தா வரப்புல நிக்காரே, அவரு பாட்டில் தூக்கிட்டு வந்தவரு."

ராவுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஒரு சலாம் வைத்தார். நானும் வைத்தேன். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கூடையைத் தோள் மாற்றிக்கொண்டு, பாட்டில் தூக்கி வந்தவனுக்குரிய முழுக் கம்பீரத்தோடு வரப்பில் நடந்தேன்.